யார் வீட்டுப் புள்ள?

அக்டோபர் மாசக் கடைசியானா ஹாலோவீன் சண்டை ஒண்ணு வருஷா வருஷம் தவறாம வந்துடும். "வெள்ளைக்காரன் பேயை எதுக்குய்யா இங்க கூப்புடுறீங்க, நம்மூரு புளியமரத்துல இருக்கறது பத்தாதா"ன்னு ஒரு கோஷ்டி. "புள்ளைங்க ஒரு நாள் ஜாலியா இருந்துட்டுப் போகட்டுமே"ன்னு இன்னொரு கோஷ்டி. நான் ரெண்டுலயும் இல்ல. எனக்கு வேற ஒரு கோபம். அதுல பாதி என் மேலயே. அதைச் சொல்றதுக்கு முன்னாடி 2024 அக்டோபர் 26, சனிக்கிழமை சாயங்காலம் நடந்ததைச் சொல்லிடறேன்.

எங்க அக்கா வீடு சென்னையில ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புல இருக்கு. பேர் வேணாம், அக்கா இன்னும் அங்கதான் இருந்தாகணும். அந்த வருஷம் அக்டோபர் 31 அன்னிக்குத்தான் ஹாலோவீன், அன்னிக்கேதான் தீபாவளியும். ஒரே ராத்திரியில பேயும் பட்டாசும் வேணாம்னு குடியிருப்புக் கமிட்டி ஹாலோவீனை அஞ்சு நாள் முன்னாடியே நகர்த்திட்டாங்க. (தீபாவளியை நகர்த்தலாமான்னு யாரும் கேக்கல. அந்த வரைக்கும் சந்தோஷம்.)

ஏற்பாடெல்லாம் பக்கா. வாட்ஸ்அப் குழுவுல ஒரு படிவம் வந்துச்சு. புள்ளை பேர், வயசு, பிளாக், பிளாட் நம்பர். பதிஞ்ச புள்ளைங்களுக்கு கையில கட்டிக்க ஆரஞ்சு கலர்ல ஒரு பட்டை. மிட்டாய் குடுக்க சம்மதிக்கிற வீட்டுக்காரங்க கதவுல ஆரஞ்சுத் தாள் ஒட்டணும். தாள் இல்லாத கதவைத் தட்டக் கூடாது.

ஆனாலும் தட்டினாங்க. புள்ளைங்க இல்லையா. மூணாவது மாடியில ஒரு தாத்தா, போன மாசந்தான் வீட்டம்மா தவறினவர். கதவைத் திறந்தா வெள்ளைத் துணி போத்திக்கிட்டு ஒரு எலும்புக்கூடு நிக்குது. மனுஷன் ஒரு நிமிஷம் அப்படியே நின்னுட்டு, உள்ள போய் ரெண்டு வாழைப்பழம் கொண்டாந்து குடுத்தாராம். ஏழாவது மாடியில கைக்குழந்தையை ரெண்டு மணி நேரம் ஆட்டித் தூங்க வெச்ச ஒரு பொண்ணு, அழைப்பு மணி அடிச்சதும் வெளிய வந்து பேயை விட பயங்கரமா கத்திட்டாங்க. 'பி' பிளாக்ல ஒருத்தர் இருநூறு சாக்லேட் வாங்கி வெச்சு, தாள் ஒட்ட மறந்து, ராத்திரி பத்து மணி வரைக்கும் கதவைத் திறந்து திறந்து பாத்துட்டு இருந்திருக்கார். இதெல்லாம் சிரிச்சுட்டுப் போற விஷயம்.

சிரிக்க முடியாதது ஒண்ணு. அக்கா வீட்டுல வேலை செய்யற அம்மா, சனிக்கிழமைன்னா தன் பொண்ணையும் கூட்டிட்டு வரும். ஏழு வயசு. அக்கா பையனுக்கு எட்டு. ரெண்டும் ஒண்ணா விளையாடும். இவன் ரத்தக்காட்டேரி வேஷம் போட்டதும் அதுவும் கேட்டுச்சு. அக்கா தன்னோட பழைய கறுப்பு துப்பட்டாவை எடுத்துக் கட்டி, மையால மீசை போட்டு விட்டா. பேய்க்கு எதுக்கு மீசைன்னு தெரியல, அந்தப் பொண்ணுக்கு வேணுமாம். ரெண்டு பேரும் கிளம்பினாங்க. துணைக்கு நான்.

முதல் ரெண்டு வீட்டுல பிரச்சினை இல்ல. மூணாவது வீட்டுல ஒரு அம்மா தாம்பாளத்துல அழகா ரிப்பன் கட்டின பொட்டலங்களோட வந்தாங்க. பையனுக்குக் குடுத்தாங்க. இந்தப் பொண்ணோட கையைப் பாத்தாங்க. பட்டை இல்ல.

"எந்த பிளாட்டும்மா நீ?"

அது என்னைத் திரும்பிப் பாத்துச்சு. பையன்தான் சொன்னான், "என் ஃப்ரெண்டு ஆன்ட்டி"ன்னு. அவங்க கெட்டவங்க இல்ல, அதையும் சொல்லிடணும். "நாப்பத்திரண்டு பேர்தான் பேர் குடுத்திருக்காங்க, எண்ணி நாப்பத்திரண்டுதான் கட்டி வெச்சேன், கடைசியில வர்ற புள்ளைக்கு இல்லாமப் போயிடுமே"ன்னு என்கிட்ட சங்கடத்தோடதான் சொன்னாங்க. நானும் "பரவால்லீங்க"ன்னேன்.

பரவால்லீங்கன்னு சொல்ல நான் யாரு? பொட்டலம் கிடைக்காதது எனக்கா?

ராத்திரி குழுவுல யாரோ ஒருத்தர் போட்டிருந்தாங்க: அடுத்த வருஷம் வெளியாள் புள்ளைங்களைக் கூட்டிட்டு வராதீங்க, பாதுகாப்புப் பிரச்சினை. கீழ வரிசையா கட்டைவிரல். அக்கா ரொம்ப நேரம் எதையோ டைப் பண்ணிட்டு இருந்தா. அப்புறம் அழிச்சுட்டா.

அந்த "எந்த பிளாட்டும்மா நீ" என்னை நேரா திருமுக்கூடலுக்குக் கொண்டு போயிடுச்சு. இனிமே கொஞ்சம் கொசுவர்த்தி சுத்தும், பொறுத்துக்குங்க.

திருமுக்கூடல் எங்க ஊரு. உத்திரமேரூர்ப் பக்கம், பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேர்ற எடம். (தண்ணி சேர்றதைப் பாக்கணும்னா மழை நல்லாப் பேயணும். மத்த நாள்ல மணல்தான் சேருது.) ஆத்தங்கரையில அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில். அந்தக் கோயில்ல 11-ம் நூற்றாண்டு வீரராஜேந்திர சோழன் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. பதினஞ்சு படுக்கையோட ஒரு ஆதுலர் சாலை, ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருத்தர், மூலிகை கொண்டு வர ஆளு, நோயாளியைப் பாத்துக்க பொம்பளைங்கன்னு ஒவ்வொருத்தருக்கும் எவ்வளவு நெல்லுன்னு அளந்து எழுதி வெச்சிருக்கான். அங்க படிச்ச மாணவருக்குச் சோறு, படுக்கப் பாய், சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வரைக்கும் கணக்கு இருக்கு. எங்க வாத்தியார் இதைச் சொல்லும்போது நெஞ்சு நிமிரும். இப்பவும் நிமிருது. ஆனா இப்பப் படிக்கும்போது இன்னொண்ணும் கண்ணுல படுது. அந்தச் சாலை கோயில் ஊழியத்துல இருந்தவங்களுக்கும் அங்க படிச்சவங்களுக்கும். பட்டியல்ல இருந்தவனுக்கு எண்ணெய் கூட உண்டு. பட்டியல்ல இல்லாதவனைப் பத்தி கல்வெட்டு எதுவும் பேசாது.

சரி, மேட்டருக்கு வருவோம். பெருமாள் ஊருங்கறதால எங்களுக்குப் புரட்டாசி சனிக்கிழமைதான் பெரிய நாள். தெக்கத்தி ஆளுங்க சிலருக்குத் தெரியாமப் போகலாம், அதனால விளக்கமா சொல்றேன். வடதமிழ்நாட்டுப் பக்கம் புரட்டாசி சனிக்கிழமை காலையில பசங்க குளிச்சு, நெத்தியில பட்டையா நாமம் போட்டு, மஞ்சள் துணி கட்டி, பித்தளைச் சொம்புக்கும் நாமம் போட்டு, துளசி சுத்தி, வீடு வீடாப் போவாங்க. வாசல்ல நின்னு "வெங்கட்ரமணா... கோவிந்தா!"ன்னு தொண்டை கிழியக் கத்தணும். வீட்டம்மா ஒரு கைப்பிடி அரிசி கொண்டாந்து சொம்புல போடுவாங்க. சில வீட்டுல காசும் விழும். வசதியான வீட்டுப் புள்ளையும் போகும், இல்லாத வீட்டுப் புள்ளையும் போகும். அது பிச்சை இல்ல, வேண்டுதல். இப்படி எடுத்த அரிசியை எல்லாம் ஒண்ணாக் கொட்டி, பொங்கி, மாவிளக்கு வெச்சு, தளிகை போட்டு, கோவிந்தா சொல்லிட்டு எல்லாரும் சாப்பிடணும்.

வேஷம் இருக்கு, வாசல் இருக்கு, கூவல் இருக்கு, குடுக்கல் இருக்கு. இப்பச் சொல்லுங்க, ஹாலோவீன் யாருக்கு அந்நியம்?

1987-ல நான் அஞ்சாவது. நாங்க நாலு பேர் செட்டு. அந்த வருஷம் அஞ்சாவதா ஒருத்தன் சேந்தான். பள்ளிக்கூடத்துல என் பக்கத்துல உக்காருறவன், காலனிப் பையன். அவன் சொம்புதான் எங்க எல்லார் சொம்பையும் விடப் பெருசு, புளி போட்டு விளக்கி மின்னுச்சு. குரலும் அவனுக்குத்தான். அவன் ஒரு கோவிந்தா போட்டா தெருக்கோடியில இருக்கற மாடு திரும்பிப் பாக்கும். அவன் காலையிலயே தன் தெருவுல எடுத்து முடிச்சு, பாதிச் சொம்பு அரிசியோட எங்ககூட வந்து சேந்துக்கிட்டான்.

எங்க தெருவுல ஒவ்வொரு வீட்டுலயும் அவனை மட்டும் ஒரு கேள்வி. "நீ யாரு வீட்டுப் புள்ளப்பா?" அவன் அப்பா பேரைச் சொல்லுவான். "ஓ..."ன்னு ஒரு இழுப்பு. ஆனா அரிசி போட்டாங்க, பொய் சொல்லக் கூடாது. எங்களுக்குப் போட்ட அதே அரிசி. கை மட்டும் கொஞ்சம் ஒசரத்துல இருந்து போட்டுச்சு. எனக்கு அன்னிக்கு அது தெரியல. சொம்பு பெருசு, அதான் மேல இருந்து போடறாங்கன்னு நெனச்சேன்.

கடைசியா எங்க வீடு. எங்க ஆயா முறத்தை எடுத்துட்டுத் திண்ணைக்கு வந்தா. நாங்க நாலு பேரும் சொம்பைக் கவுத்தோம். முறத்துல கும்பலா அரிசி. பச்சரிசி, புழுங்கல், சன்னம், மோட்டா எல்லாம் கலந்து. அவனும் சொம்பை எடுத்துட்டு முன்னாடி வந்தான். ஆயா முறத்தை இடுப்புல எடுத்து வெச்சுக்கிட்டா.

"நீ ஒங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் ஒங்கம்மாகிட்ட குடு கண்ணு. அங்க பொங்கணும் இல்ல?"

கண்ணுன்னுதான் சொன்னா. எங்க ஆயா யாரையும் கடிஞ்சு பேசி நான் கேட்டதில்ல. பசின்னு வந்தவங்களுக்கு இல்லைன்னு சொன்னதில்ல. அவனுக்கும் ரெண்டு கை அரிசி கூடப் போட்டு, ஒரு நாலணாவும் போட்டா. குடுக்கறதுல அவளுக்கு எந்தக் கஷ்டமும் இல்ல. அவன் கிட்ட இருந்து வாங்கிக்கறதுலதான்.

அவன் ஒண்ணும் சொல்லல. சொம்புல இருந்த துளசியைச் சரி பண்ணிக்கிட்டு நடந்து போனான். நான் திண்ணையில உக்காந்து அவன் போறதைப் பாத்துக்கிட்டே இருந்தேன். கூப்புடல. திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துல எப்பவும் போலப் பேசினான். அடுத்த சனிக்கிழமை வரல. அதுக்கப்புறம் எந்தப் புரட்டாசிக்கும் எங்க தெருப்பக்கம் சொம்போட வரல.

இதுல ஒரு வேடிக்கை சொல்லணும். மாட்டுப் பொங்கல் அன்னிக்கு எங்க ஊர்ல பாரிவேட்டைத் திருவிழா. காஞ்சிபுரத்துல இருந்து வரதராஜப் பெருமாள் வாலாஜாபாத் வழியா பழையசீவரம் மலைக்கு வருவார். அப்புறம் அங்க இருக்கற லட்சுமி நரசிம்மரையும் கூட்டிக்கிட்டு ஆத்தைத் தாண்டி எங்க ஊருக்கு வருவார். சாலவாக்கம் பெருமாள், காவாந்தண்டலம் பெருமாள், எங்க ஊர்ப் பெருமாள்னு அஞ்சு பேரும் ஒண்ணாச் சேவை சாதிப்பாங்க. எங்கெங்கேயோ இருந்து ஜனம் வரும். அன்னிக்கு எங்க தெருவுலயே தண்ணிப் பந்தல் போட்டு, மோர், புளியோதரை, சுண்டல்னு வர்றவங்க கையில எல்லாம் திணிப்பாங்க. ஒருத்தரையும் யார் வீட்டுப் புள்ளன்னு கேக்க மாட்டாங்க. கேட்டாலும் தெரியாது. ஊர் பேர் தெரியாதவனுக்கு எங்க தெருவுல தடையே இல்ல. தெரிஞ்சவனுக்குத்தான் கேள்வி.

இப்போ அமெரிக்கா. 2005-ல இருந்து நாலு வருஷம் நியூ ஜெர்சி எடிசன்ல பொட்டி தட்டினேன். முதல் வருஷம் ஹாலோவீன் பத்தி ஒண்ணுமே தெரியாது. ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டு வந்து வாசல் விளக்கைப் போட்டுட்டு உக்காந்தேன். ஒரு சிலந்தி மனுஷன், ஒரு இளவரசி, ஒரு பூசணிக்காய் வந்து மணி அடிச்சாங்க. கையில கோணிப்பை மாதிரி ஒண்ணு. வீட்டுல சாக்லேட் இல்ல. இந்தியக் கடையில வாங்கின கடலை மிட்டாய் இருந்துச்சு. பெருமையா ஆளுக்கு ரெண்டு போட்டேன். பின்னாடி நின்ன அம்மா அலறி அடிச்சுட்டு வந்து, ரொம்ப மரியாதையா, பூசணிக்காயோட பையில இருந்து அதை எடுத்து என் கையிலயே திருப்பிக் குடுத்தாங்க. புள்ளைக்கு வேர்க்கடலை ஒத்துக்காதாம். எங்க நாட்டு விருந்தோம்பல் அஞ்சு செகண்ட்ல ஆள் கொல்லப் பாத்த கதை இதுதான்.

பக்கத்து வீட்டுத் தாத்தாதான் விளக்கம் சொன்னார். வாசல் விளக்கு எரிஞ்சா குடுப்பாங்கன்னு அர்த்தம், அணைச்சிருந்தா தட்டக் கூடாது. அவ்வளவுதான் சட்டம். அடுத்த வருஷம் நான் பெரிய பெரிய பையா மூணு வாங்கி வெச்சேன். மழை. நாலே புள்ளைங்க. மீதியை நானும் தங்கமணியும் பொங்கல் வரைக்கும் தின்னோம்.

எனக்கு அதுல பிடிச்சது ஒண்ணே ஒண்ணு. நாலு வருஷத்துல ஒரு வாசல்லயும் ஒரு புள்ளையையும் பாத்து நீ எந்த வீடுன்னு யாரும் கேட்டு நான் பாக்கல. "நீ யாரு?"ன்னு கேப்பாங்க. ஆனா அதுக்குப் பதில் "நான் டிராகுலா"ங்கறதுதான்! வேஷத்தைத்தான் கேக்கறாங்க, வீட்டை இல்ல.

அமெரிக்கா சொர்க்கம்னு சொல்ல வரல. அங்கயும் பட்டியல் போடறவங்க உண்டு. 2014-ல ஸ்லேட் இணைய இதழோட 'டியர் ப்ரூடென்ஸ்' ஆலோசனைப் பகுதிக்கு ஒருத்தர் கடிதம் எழுதினார். பணக்காரப் பகுதியில இருக்கறவர். ஏழைப் பகுதிப் புள்ளைங்க எல்லாம் வண்டியில வந்து எங்க தெருவுல இறங்கறாங்க, ஹாலோவீன் என்ன சமூக சேவையா, நான்தான் வரி கட்டறேனேன்னு புலம்பல். பதில் எழுதினவங்க நல்லாக் குடுத்தாங்க, கூட நாலு பை மிட்டாய் வாங்கி வைன்னு. ஊரே அதைப் பேசுச்சு. எங்க அக்கா குடியிருப்பு வாட்ஸ்அப்ல வந்தது அந்தக் கடிதத்தோட தமிழ்ச் சுருக்கம், அவ்வளவுதான்.

"பாதுகாப்பு"ன்னு ஒரு வார்த்தை சொன்னாங்களே, அதையும் பாத்துடுவோம். மிட்டாய்ல பிளேடு, விஷம்னு அமெரிக்காவுல தலைமுறை தலைமுறையா பயம். டெலாவேர் பல்கலைக்கழகத்து சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் 1980-கள்ல இருந்து இந்தச் செய்திகளை ஒவ்வொண்ணா நோண்டிப் பாத்துட்டு வர்றார். முன்பின் தெரியாத ஆள் குடுத்த ஹாலோவீன் மிட்டாயால ஒரு குழந்தை செத்ததா உறுதியான ஒரு சம்பவமும் அவருக்குக் கிடைக்கல. 1974-ல டெக்சாஸ்ல ஒரு பையன் சயனைடு கலந்த மிட்டாய் தின்னு செத்தது நிஜம். வெச்சது தெரியாத ஆளில்ல, காப்பீட்டுப் பணத்துக்காகப் பெத்த அப்பன்.

உண்மையிலேயே ஆபத்து வந்தது வேற பக்கத்துல இருந்து. 1992 அக்டோபர் 17, லூசியானாவுல பேட்டன் ரூஜ் ஊர். யோஷிஹிரோ ஹட்டோரின்னு ஜப்பான்ல இருந்து படிக்க வந்த 16 வயசுப் பையன். ஹாலோவீன் விருந்துக்கு வேஷம் போட்டுக்கிட்டு நண்பனோட கிளம்பினவன், விலாசம் தப்பி வேற வீட்டு மணியை அடிச்சுட்டான். வீட்டுக்காரர் துப்பாக்கியோட வந்து நில்லுன்னார். பையனுக்கு விளையாட்டுன்னு தோணுச்சோ என்னமோ, முன்னாடி வந்தான். சுட்டுட்டார். அடுத்த வருஷம் குற்ற வழக்குல அவர் குற்றவாளி இல்லைன்னு தீர்ப்பு. வாசல்ல நிக்கறவன் யாரு வீட்டுப் புள்ளன்னு தெரியாத பயம் எது வரைக்கும் போகும்னு எனக்கு அந்தப் பேர்தான் ஞாபகம் வரும். எங்க ஆயா முறத்தை இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டதும் இதுவும் ஒண்ணான்னு கேப்பீங்க. ஒண்ணு இல்ல. ஆனா ரெண்டுமே கதவுக்கு உள்ள இருந்து பாக்கற பார்வைதான்.

வரலாறு ரொம்ப சொல்லல. ஹாலோவீன் அயர்லாந்து, ஸ்காட்லாந்து சரக்கு. ஸ்காட்லாந்துல இன்னிக்கும் புள்ளைங்க வேஷம் போட்டு வந்தா சும்மா குடுக்க மாட்டாங்க, ஒரு பாட்டோ ஜோக்கோ சொல்லணும். நம்ம கொலு வீட்டுல "ஒரு பாட்டு பாடு, அப்பதான் சுண்டல்"னு படுத்துவாங்களே, அச்சு அசல் அதே. வேஷம்னு சொன்னா குலசேகரன்பட்டினம் தசராவை விட்டுட முடியுமா? தூத்துக்குடி மாவட்டக் கடற்கரை ஊர். காளி, குரங்கு, போலீஸ், குறவன்னு வேஷம் கட்டி, ஊர் ஊரா காணிக்கை எடுத்து, பத்தாம் நாள் முத்தாரம்மன் கோயில் உண்டியல்ல போடுவாங்க. வீட்டுல கார் நிக்கறவனும் வேஷம் போட்டுத் தட்டேந்தி நிக்கணும். கை நீட்டி வாங்கினாத்தான் அகங்காரம் அடங்கும்னு கணக்கு.

இங்கதான் நான் சொல்ல வந்தது இருக்கு. நம்ம ஊர் வழக்கமும் ஹாலோவீனும் ஒண்ணு போலத் தெரிஞ்சாலும் ஒரு வித்தியாசம் உண்டு. ஹாலோவீன்ல புள்ளை வாங்கினது புள்ளைக்கு. வீட்டுக்குப் போய்க் கட்டில்ல கொட்டி எண்ணும், அண்ணன்கிட்ட இருந்து ஒளிச்சு வைக்கும். நம்மளுதுல வாங்கினது யாருக்கும் சொந்தமில்ல. குலசையில உண்டியலுக்குப் போகுது. திருமுக்கூடல்ல முறத்துக்குப் போகுது. எந்த வீட்டு அரிசி எதுன்னு பிரிக்க முடியாத மாதிரி கலந்துடணும், ஒரே பானையில வேகணும். என்ன மாதிரி ஒரு யோசனை! இதைக் கண்டுபிடிச்சவன் யாரோ, அவன் காலைத் தொட்டுக் கும்பிடலாம். ஆனா சரியா அந்த எடத்துலதான் நாம வேலி போட்டோம். அரிசி போடறதுல இல்ல, கலக்கறதுல.

அதனால "ஹாலோவீன் அந்நியக் கலாசாரம்"னு கம்பு சுத்தறவங்களை எனக்குப் பிடிக்கல. நம்ம பண்டிகையை நாமளே பாதியில முறிச்சு வெச்சுட்டு அடுத்தவன் பண்டிகையைக் குறை சொல்றாங்க. "என்ன தப்பு, குழந்தைங்க சந்தோஷம்"னு படிவம் அனுப்பறவங்களையும் பிடிக்கல. அவங்க ஹாலோவீனை இறக்குமதி பண்ணும்போது அதுல இருந்த ஒரே நல்ல விஷயத்தை, எந்தப் புள்ள வந்து நின்னாலும் குடுக்கறதை, வாசல்லயே கழட்டி வெச்சுட்டாங்க. அதுக்குப் பதிலா எங்க ஆயாவோட கேள்வியைக் கையில ஆரஞ்சுப் பட்டையாக் கட்டி விட்டுட்டாங்க. ஆயாவாவது ரெண்டு கை அரிசி போட்டா.

என்னையும் எனக்குப் பிடிக்கல, அதுவும் சேத்துக்குங்க. ரெண்டு தடவையும் அங்கதான் நின்னேன்.

இவ்வளவு பேசறியே, நீ என்ன செஞ்சேன்னு கேப்பீங்க. 2025 புரட்டாசியில ஒண்ணு செஞ்சு பாத்தேன். பெருசா ஒண்ணும் இல்ல. செப்டம்பர் 27, ரெண்டாவது சனிக்கிழமை. ஊருக்குப் போயிருந்தேன். இப்பல்லாம் சொம்பு தூக்கற பசங்களே கம்மி. எங்க தெருவுல மூணு பேர் தேறினாங்க, அதுல ஒருத்தன் என் பையன். நான் முதல் நாளே காலனிப் பக்கம் போய் என் அஞ்சாங்கிளாஸ்காரனைப் பாத்தேன். டிராக்டர் ஓட்டறான். நரைச்சுட்டான். குரல் மட்டும் அப்படியே. நாளைக்குப் பசங்களை அனுப்புடா, அரிசியோட அனுப்பு, எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுப் பொங்கலாம்னேன். அவன் ரொம்ப நேரம் வண்டிச் சக்கரத்துல ஒட்டின மண்ணைக் குச்சியால தட்டிக்கிட்டே இருந்தான்.

"நான் வரலைடா. பசங்க வேணும்னா வரட்டும்."

ஞாபகம் இருக்கான்னு நான் கேக்கல. இருக்குன்னு தெரிஞ்சுது.

வீட்டுல அம்மாகிட்ட சொன்னேன். அம்மா ஆயா மாதிரி இல்ல, ஆனா ஆயா மருமக. கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சமையல்காரக் கேள்வியாக் கேட்டா.

"ரேஷன் அரிசி, பொன்னி, பச்சரிசி எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டா ஒண்ணு கொழஞ்சுடும், ஒண்ணு வேகாதுடா. யாரு திங்கறது?"

"அன்னிக்கு ஆயா மட்டும் எப்படிப் பொங்கினா?"

அம்மா பதில் சொல்லல. ஆனா முறத்தைத் தேடி எடுத்து வெச்சா.

சனிக்கிழமை ரெண்டு புள்ளைங்க வந்தாங்க. அவன் பொண்ணு, இன்னொரு பையன். பொண்ணு சொம்பு தூக்கறதான்னு கோடி வீட்டுல ஒருத்தர் ஆரம்பிச்சார், அது தனி மொக்கை, விடுங்க. எங்க தெருவுல ஏழெட்டு வீட்டுல சாதாரணமாப் போட்டாங்க, ஒரு வார்த்தை கேக்கல. நாலு வீட்டுல கேட்டாங்க. ஒரு வீட்டுல கதவே திறக்கல, டிவி சத்தம் மட்டும் கேட்டுச்சு. திரும்பி வந்து அஞ்சு சொம்பும் முறத்துல கவுந்துச்சு. அம்மா கையாலதான் களைஞ்சா. சக்கரைப் பொங்கலாப் பண்ணிட்டா, குழைஞ்சாலும் தெரியாதாம். சாப்பிடற நேரத்துல எதிர் வீட்டு அத்தை வந்து, பேரனுக்கு வயிறு சரியில்லைன்னு கூட்டிட்டுப் போயிட்டாங்க. காலையில இருந்து கோவிந்தா போட்ட வயிறு. அவன் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனான்.

மத்த நாலு பேரும் தின்னாங்க. அவன் பொண்ணு ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்குச்சு, முந்திரி மேல இருக்கற எடமாப் பாத்து. என் பையன் அதுகிட்ட அமெரிக்காவுல இதே மாதிரி சாக்லேட் குடுப்பாங்களாமேன்னு அளந்துட்டு இருந்தான். சும்மாவான்னு கேட்டுச்சு அது. சும்மாத்தான், பேய் வேஷம் போட்டுட்டுப் போகணும்னான். "பேய்க்கு யாருடா கதவத் தொறப்பாங்க?"

பி.கு.: பாதி அரிசி குழைஞ்சு, பாதி நறுக்குன்னுதான் இருந்துச்சு. அம்மா சொன்னது சரி. அடுத்த தடவை முதல்லயே ஊற வெக்கணுமாம்.